தொண்டைக்குள் ஒரு சிறு கல்

ஒருவருடைய சட்டையின் பின்புறம் கிழிந்திருந்தால் அருகில் சென்று மெல்லச் சொல்லிவிடுகிறோம். தெருவில் முன்னே நடப்பவரின் பையிலிருந்து பணம் விழுந்தால் ஓடிச் சென்று எடுத்துக் கொடுக்கிறோம். ஆனால் ஒரு குறை மட்டும் உண்டு. அதை உடையவரைத் தவிர ஏனையோர் அனைவரும் அறிந்திருப்பர்; அறிந்தும் ஒருவரும் வாய் திறவார். வாய் நாற்றம் என்பதே அக்குறை. அதனை உடையவர் பேச வரும்போது முகத்தைச் சற்றே திருப்பிக்கொள்கிறோம். கைக்குட்டையை மூக்கருகே கொண்டு செல்கிறோம். அவர் அகன்றபின் நமக்குள் பேசிக்கொள்கிறோம். அவரிடம் மட்டும் சொல்வதில்லை.

இது இன்று நேற்று வந்த துன்பமன்று. யோபு ஆகமத்தின் 19ஆம் அதிகாரத்தில் அந்தப் பொறுமைசாலி தம் துயரங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். உறவினர் கைவிட்டதையும், வேலையாள் அழைத்தும் வராததையும் கூறிவிட்டு, தம் மூச்சு தம் மனைவிக்கே அருவருப்பாகிவிட்டது என்றும் புலம்புகிறார். சொத்தையும் மக்களையும் இழந்த ஒருவர், அந்த இழப்புகளோடு இதையும் சேர்த்துச் சொல்கிறார் என்றால், இத்துன்பம் எவ்வளவு ஆழமானது என்பதை நாம் உணர்ந்துகொள்ளலாம். பசியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள முடியும். நோயைச் சொல்லி ஆறுதல் பெற முடியும். இதையோ சொல்லவும் முடியாது. சொன்னாலும் கேட்பவர் ஓரடி பின்வாங்குவார்.

இதில் மற்றொரு கொடுமையும் உண்டு. நம் மூச்சின் மணத்தை நாமே அறிய இயலாது. எப்போதும் உடனிருக்கும் மணத்தை மூக்கு பழகி மறந்துவிடுகிறது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய்க்கு அஞ்சி நாம் எல்லோரும் முகக்கவசம் அணிந்தபோது, தம் மூச்சைத் தாமே முகர நேர்ந்து திடுக்கிட்டவர் பலர். மற்றக் காலங்களில் பிறர் சொன்னாலன்றி நமக்குத் தெரிய வழியில்லை. ஆகவே, சொல்லாமல் விடுவது நாகரிகம் என்று நாம் எண்ணுவது, உண்மையில் ஒருவரை இருட்டில் தனியே விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

என் அண்ணன் மகளின் வாழ்வில் நான் கண்டதை இங்கே எழுத அவளே இசைவு தந்தாள். இனிய குரல் படைத்தவள். எங்கள் பங்கின் பாடற்குழுவில் பத்து வயது முதல் பாடி வந்தவள். கல்லூரிப் படிப்பை முடித்த ஆண்டில் அவள் மெல்ல மெல்ல ஒதுங்கத் தொடங்கினாள். முதலில் குழுவில் பின்வரிசைக்குச் சென்றாள். பின்னர் பயிற்சிக்கு வருவதைக் குறைத்தாள். பிப்ரவரி 3ஆம் நாள் புனித பிளேசியார் திருநாளன்று, குருவானவர் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து ஒவ்வொருவர் தொண்டையையும் ஆசீர்வதிப்பது வழக்கம் அல்லவா? தொண்டை நோய்களுக்குப் பாதுகாவலரான அந்தப் புனிதரின் ஆசீரைப் பெற ஆண்டுதோறும் முந்திச் செல்பவள், அவ்வாண்டு இருக்கையை விட்டு எழவே இல்லை. “ஏனம்மா போகவில்லை?” என்று கேட்டேன். “கூட்டமாக இருக்கிறது அத்தை” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

உண்மையான காரணம் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிய வந்தது. பாடற்குழுவிலிருந்த மூத்த பெண்மணி ஒருவர், பயிற்சி முடிந்த ஒரு மாலையில் அவளைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். காந்தி சிலையைக் கடந்து, கூட்டம் குறைந்த இடத்தில் அமர்ந்துகொண்டு, “உன் மூச்சில் ஒரு வாடை இருக்கிறது, கண்ணு. நீ பல் விளக்குவதில்லை என்று நான் நினைக்கவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது. ஒரு டாக்டரிடம் காட்டிவிடு. என் மகளாக இருந்தால் சொல்லாமல் இருப்பேனா?” என்றாராம். அன்றிரவு முழுதும் அவள் அழுதாள். மறுநாள் முதல் நாளொன்றுக்கு நான்கு முறை பல் துலக்கினாள்; கிராம்பையும் ஏலக்காயையும் வாயில் அடக்கிக்கொண்டாள்; வயிற்றுச் சூடு என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சீரகத் தண்ணீர் குடித்தாள். பல் மருத்துவர் ஒருவர் பற்களைச் சுத்தம் செய்துவிட்டு, ஈறுகள் நன்றாகவே இருக்கின்றன என்றார். வாடை மட்டும் போகவில்லை. இதற்கிடையே பெண் பார்க்க ஒரு வீட்டார் வருவதாக இருந்தது. அவள் ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். அண்ணனும் அண்ணியும் காரணம் புரியாமல் கலங்கினர்.

ஒரு நாள் காலையில் இருமியபோது தொண்டையிலிருந்து அரிசி மணியளவு வெள்ளையாக ஏதோ ஒன்று அவள் நாவில் விழுந்தது. சோற்றுப் பருக்கை என்று எண்ணி விரலால் நசுக்கியவள், அதிலிருந்து எழுந்த நாற்றத்தைக் கண்டு நடுங்கிப்போனாள். தன் உடல் உள்ளுக்குள் அழுகுகிறது என்றே நம்பிவிட்டாள். அன்றுதான் என்னிடம் வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு அனைத்தையும் சொன்னாள். மறுநாளே அவளைக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன்.

அந்த அம்மையார் விளக்கொளியில் அவள் தொண்டையைச் சிறிது நேரம் உற்று நோக்கினார். பின்பு புன்முறுவலுடன், “இது டான்சில் கல். அழுகலும் இல்லை, புற்றும் இல்லை. யாருக்கும் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது” என்றார். அச்சொற்களைக் கேட்டபோது அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் இன்றும் மறக்கவில்லை. அன்று அவர் பொறுமையோடு விளக்கியவற்றையும், பின்னர் நான் படித்து அறிந்தவற்றையும் வாசகர்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

நாம் வாயை அகலத் திறந்தால், நடுவே தொங்கும் உள்நாக்கின் இருபுறமும் இரண்டு சதைக் கட்டிகள் தெரியும். இவையே டான்சில்கள். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் புகும் கிருமிகளை அடையாளம் கண்டு, உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டுவது இவற்றின் பணி. தொண்டையைச் சுற்றி வளையமாக அமைந்துள்ள இத்தகைய திசுக்களை ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் வால்டயர் 1884ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். இன்றும் அந்த வளையம் அவர் பெயராலேயே வழங்குகிறது. வீட்டில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொல்தாவாகிய என் தந்தையார், “ஓ, அமிக்தாலா?” என்றார். பிரெஞ்சு மொழியில் டான்சிலுக்கு அமிக்தால் என்று பெயர். வாதுமைக் கொட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. வடிவத்தைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். ஆனால் வாதுமையின் மேல்தோல் போலவே இவற்றின் மேற்பரப்பும் வழுவழுப்பாக இருப்பதில்லை என்பதே நம் கதையின் தொடக்கம்.

டான்சிலின் மேற்பரப்பில் பல சிறு குழிகள் உள்ளன. கிருமிகளைச் சந்திக்கும் பரப்பை அதிகமாக்கவே இயற்கை இவ்வாறு அமைத்திருக்கிறது. இக்குழிகளில் உணவுத் துணுக்குகளும், உதிர்ந்த தோலணுக்களும், கிருமிகளோடு போராடி மடிந்த வெள்ளணுக்களும் தங்கிவிடுவது உண்டு. பெரும்பாலோர்க்கு எச்சில் ஓட்டத்திலும் விழுங்குதலிலும் இவை தாமே வெளியேறிவிடும். அடிக்கடி தொண்டை அழற்சி கண்டு குழிகள் ஆழமாகிவிட்டவர்களுக்கு இவை உள்ளேயே தேங்கும். எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து இதன்மேல் படிந்து நாளடைவில் இறுகிவிடும். இதுவே டான்சில் கல். வெண்மையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, அரிசி மணி முதல் பட்டாணி வரையிலான அளவில் இருக்கும். கல் என்று பெயரே தவிர, பல வேளைகளில் கையால் நசுக்கும் மென்மையே இதற்கு உண்டு. சிறுவர்களைவிடப் பெரியவர்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது.

நாற்றம் ஏன் எழுகிறது? காற்றுப் புகாத அந்த ஆழக் குழிகளில், பிராணவாயு இன்றி வாழும் கிருமிகள் குடியேறுகின்றன. அவை புரதங்களைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளிப்படுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றத்திற்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடும் அவற்றுள் ஒன்று. எத்தனை முறை பல் துலக்கினாலும் துலக்கும் கருவி அவ்விடத்தை எட்டுவதில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணின் உழைப்பெல்லாம் வீணானதற்கு இதுவே காரணம். சிலருக்குத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போன்ற உணர்வும், ஓயாத செருமலும் இருக்கும். டான்சிலுக்கும் காதுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒன்றே ஆதலால் சிலருக்குக் காது வலியும் தோன்றும். வேறு சிலருக்கோ ஓர் அறிகுறியும் இராது. வேறு காரணத்திற்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாக இக்கல் தென்படும்.

எல்லா வாய் நாற்றத்திற்கும் டான்சில் கல்லே காரணம் என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. பெல்ஜியம் நாட்டின் லூவேன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இக்குறைக்காக வந்த 2000 பேரைச் சோதித்து 2009ஆம் ஆண்டில் ஆய்வு ஒன்று வெளியிட்டனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருந்தது. நாக்கின்மேல் படியும் மாசும் ஈறு நோயுமே அவற்றுள் முதன்மையானவை. தொண்டை, மூக்கு தொடர்பான காரணங்கள் சிறு பங்கே. மேலும் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நாற்றமே இல்லை. இருப்பதாக அஞ்சி அவர்களே துன்புற்று வந்தனர்! வயிற்றிலிருந்து வாடை வருகிறது என்று நம்மில் பலர் சொல்வதும் பெரும்பாலும் பொருந்தாது. உணவுக்குழாய் விழுங்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் மூடியே இருக்கிறது. எனவே முதலில் நாக்கையும் ஈறையும் பார்க்க வேண்டும். அங்கே குறையில்லை என்றால் தொண்டையைப் பார்க்க வேண்டும். கட்டுக்கு அடங்காத நீரிழிவு, சிறுநீரக நோய், கல்லீரல் நோய், மூக்கடிச் சீழ் ஆகியவையும் மூச்சின் மணத்தை மாற்றும் என்பதால், காரணம் புலப்படாதபோது பொது மருத்துவரை அணுகுதல் நலம்.

மனிதர் இந்த உண்மைகளை அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. ஹாலந்து நாட்டின் லீவன்ஹூக், 1683ஆம் ஆண்டில் பற்களிலிருந்து சுரண்டிய மாவு போன்ற படிவைத் தம் நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நெளிவதைக் கண்டு வியந்து எழுதினார். 1874ஆம் ஆண்டில் ஹோ என்ற அமெரிக்க மருத்துவர் மூச்சு நாற்றத்தைப் பற்றியே தனி நூல் ஒன்றை வெளியிட்டார். அறுவை மருத்துவத்தில் கிருமிகளைக் கொல்வதற்காக 1879ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட லிஸ்டரின் என்னும் திரவத்தை, 1920களில் வாய் நாற்றத்திற்கான மருந்தாக விளம்பரம் செய்தனர். மணமாகாமல் வாடும் பெண்ணின் படத்தைப் போட்டு, அவள் மூச்சுதான் காரணம் என்று பத்திரிகைகளில் அச்சுறுத்தினர். விற்பனை பெருகியது, மக்களின் வெட்கமும் பெருகியது. வெட்கத்தை மூலதனமாகக் கொண்டு நடக்கும் அவ்வணிகம் இன்றும் ஓயவில்லை. நறுமண நீர் வாடையைச் சிறிது நேரம் மறைக்கும். குழியிலுள்ள கல்லை அகற்றாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவர் சொன்னவை மிக எளியவை. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின்னும் உறங்குமுன்னும் தொண்டை வரை செல்லுமாறு கொப்பளிக்க வேண்டும். காலையும் இரவும் பல் துலக்கி, நாக்கு வழிப்பானால் நாக்கின் பின்பகுதி வரை மென்மையாக வழிக்க வேண்டும். நாக்கு வழிக்கும் வழக்கம் நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற நற்செல்வம். அதை அவசரத்தில் கைவிடலாகாது. அடுத்து, தண்ணீர் போதிய அளவு குடிக்க வேண்டும். வாய் வறண்டால் கிருமிகள் பெருகும். இரவில் எச்சில் சுரப்பு குறைவதால்தான் விடியற்காலையில் வாடை மிகுதியாக இருக்கிறது.

இந்த இடத்தில் நம் குடும்பங்களுக்குரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். நற்கருணை வாங்கும் நாளில் நள்ளிரவு முதல் சொட்டுத் தண்ணீரும் அருந்தாத பழைய ஒழுங்கை மனத்தில் கொண்டு, இன்னும் வறண்ட வாயுடன் காலைத் திருப்பலிக்கு வரும் முதியோர் உளர். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1953ஆம் ஆண்டிலேயே, தண்ணீர் அருந்துவது நற்கருணை உபவாசத்தை முறிக்காது என்று அறிவித்துவிட்டார். 1964ஆம் ஆண்டில் ஆறாம் சின்னப்பர் உபவாச நேரத்தையே ஒரு மணியாகக் குறைத்தார். ஆகவே திருப்பலிக்கு முன் வாய் கொப்பளித்து ஒரு குவளை நீர் அருந்துவதில் தடை ஒன்றுமில்லை. பாடற்குழுவினர் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

செய்யக்கூடாதவையும் உண்டு. கல் கண்ணுக்குத் தெரிகிறதே என்று கொண்டை ஊசி, ஊக்கு, தீக்குச்சி முதலியவற்றால் தோண்டுவது பேராபத்து. டான்சில் இரத்த ஓட்டம் மிகுந்த உறுப்பு. சிறு காயமும் பெரும் இரத்தப் போக்காகலாம். கிருமி புகுந்து சீழ் கட்டவும் கூடும். எளிதில் வராத கல்லை மருத்துவரே எடுக்கட்டும். அடிக்கடி கல் உண்டாகி வாழ்வே தொல்லையாகிவிட்டவர்களுக்கு, குழிகளைச் சமன் செய்யும் சிகிச்சையும், டான்சிலையே அகற்றும் அறுவையும் உள்ளன. ஆனால் பெரியவர்களுக்கு அந்த அறுவைக்குப் பின் ஒன்றிரண்டு வாரங்கள் கடும் வலி இருக்கும். இரத்தம் கசியும் அபாயமும் உண்டு. ஆதலால் அது கடைசி வழி. ஒரு பக்கத்து டான்சில் மட்டும் பெரிதாகிக் கொண்டே போனாலோ, ஆறாத புண், எச்சிலில் இரத்தம், கழுத்தில் கட்டி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை தோன்றினாலோ, கல் என்று எண்ணிக் காலம் தாழ்த்தாமல் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும். புகையிலை, பாக்குப் பழக்கம் உள்ளவர்க்கு இது இரு மடங்கு அவசியம்.

நம் புதுச்சேரியில் மருத்துவத்திற்குக் குறைவில்லை. 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியினர் இங்கு ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினர். 1964ஆம் ஆண்டு முதல் ஜிப்மர் என்ற பெயருடன் விளங்கும் நிறுவனம், தன் வரலாற்றை அப்பள்ளியிலிருந்தே தொடங்குகிறது. அரசுப் பொது மருத்துவமனை உண்டு. பல் மருத்துவத்திற்கென்றே மகாத்மா காந்தியின் பெயரால் அரசு நிலையம் உண்டு. ஏழை எளியவரும் சென்று காட்டிக்கொள்ள இடமிருக்கிறது. இல்லாதது மருத்துவர் முன் சென்று, “என் வாய் நாறுகிறது” என்று சொல்லும் துணிவு ஒன்றே. அத்துணிவை அவருக்கு ஊட்ட வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாம்தான்.

என் அண்ணன் மகளுக்கு அறுவை தேவைப்படவில்லை. இரண்டு மூன்று மாதங்களில் வாடை பெரிதும் குறைந்தது. இன்றும் எப்போதாவது ஒரு சிறு கல் தோன்றுவதுண்டு. இப்போது அவள் அதற்கு அஞ்சுவதில்லை. பாடற்குழுவுக்குத் திரும்பிவிட்டாள். ஒரு நாள் நான் அவளிடம், “உனக்கு நன்மை செய்தது உப்புத் தண்ணீரா, மருத்துவரா?” என்று விளையாட்டாகக் கேட்டேன். சற்றும் தயங்காமல், “கடற்கரைக்கு அழைத்துச் சென்று சொன்னாரே, அந்த அம்மாதான் அத்தை. மற்றவர்கள் எல்லோரும் என்னைவிட்டு விலகினார்கள். அவர் ஒருவர்தான் அருகில் வந்தார்” என்றாள்.

பெற்றோர்களே, கணவன்மார்களே, மனைவியரே, நண்பர்களே! இதைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. நாலு பேர் நடுவில் சொல்லலாகாது, கேலியாகச் சொல்லலாகாது, சண்டையின்போது வசவாக வீசுவது எல்லாவற்றிலும் கொடியது. பெயரில்லாத கடிதம் எழுதுவதும் வேண்டாம். தனியிடத்தில், நேரம் ஒதுக்கி, அன்புள்ளவர் ஒருவர் நேரடியாகச் சொல்ல வேண்டும். “நீ சுத்தமாக இல்லை” என்பதற்கும் “உனக்குள் ஒரு சிறு நோய் இருக்கலாம்” என்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. முன்னது ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்துகிறது. பின்னது அவரை நோயாளியாகக் கண்டு கைகொடுக்கிறது. சொல்லிவிட்டு அகன்றுவிடாமல், “வா, நானும் உன்னோடு டாக்டரிடம் வருகிறேன்” என்று சேர்த்துச் சொன்னால் அக்கடுஞ்சொல்லும் இனிதாகும்.

நம் வீட்டில் ஒருவர் காரணமின்றி ஒதுங்குகிறாரா, வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசுகிறாரா, கூட்டத்தில் பின்வரிசையையே தேடுகிறாரா என்று கவனிப்போம். அரிசி மணியளவான ஒரு கல்லை அகற்றுவது மருத்துவருக்கு நொடிப்பொழுது வேலை. அக்கல்லைக் காரணமாகக் கொண்டு ஓர் உள்ளத்தைச் சுற்றி எழும் மதிலை இடிப்பதோ, அன்போடு அருகில் சென்று உண்மை பேசும் ஒருவரால் மட்டுமே கூடும்.